ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாமா?

உங்கள் கையில் இரண்டு எட்டு. ஒன்று ஸ்பேடு, ஒன்று டைமன். மேஜையைச் சுற்றி ஒன்பது பேர். உங்களுக்கு முன்னால் இருப்பவர் பந்தயத்தை உயர்த்திவிட்டு, ஒன்றும் தெரியாதவர் போல் கூரையைப் பார்க்கிறார். உங்கள் முறை. ஆடறதா, விடறதா?

கேள்வி என்னுடையது இல்லை. கண்ணமங்கலத்து வாசகர் ஒருவருடையது. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற வழியில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். படவேட்டு அம்மனைப் பார்க்கப் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும். 'போக்கர் டோர்னமெண்ட்டில் நடுத்தர ஜோடி வந்தால் என்ன செய்வது? இதற்கு நல்ல புத்தகம் ஏதாவது உண்டா?' என்று எழுதியிருந்தார். மலையடிவாரத்தில் போக்கரா என்று புருவத்தை உயர்த்தாதீர்கள். செல்போன் டவர் எட்டுகிற இடமெல்லாம் லாஸ் வேகாஸ்தான்.

புத்தகம் உண்டு. 'ஹாரிங்டன் ஆன் ஹோல்டம்'. டான் ஹாரிங்டன், பில் ராபர்ட்டியுடன் சேர்ந்து எழுதியது. முதல் பாகம் 2004, இரண்டாவது 2005, பயிற்சிக் கணக்குகள் கொண்ட மூன்றாவது 2006. இருபது வருஷம் பழசு. கம்ப்யூட்டர்கள் போக்கரைக் கரைத்துக் குடித்துவிட்ட இந்தக் காலத்தில் சில யோசனைகள் நரைத்துப் போய்விட்டன. இருந்தாலும், புதிதாகப் படிக்க வருபவருக்கு இன்றைக்கும் இதைவிடத் தெளிவான வாத்தியார் கிடைப்பது சிரமம்.

ஹாரிங்டன் 1995ல் உலகத் தொடரின் முக்கியப் போட்டியை ஜெயித்தவர். அதற்கு முன்னால் அவர் பார்த்த உத்தியோகம்தான் சுவாரஸ்யம். திவால் வழக்குகள் நடத்துகிற வக்கீல்! போண்டியானவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவர் சூதாட்டத்துக்குப் பாடப்புத்தகம் எழுதினால் எப்படி இருக்கும்? ஜாக்கிரதையாக இருக்கும். சக ஆட்டக்காரர்கள் அவருக்கு 'ஆக்‌ஷன் டான்' என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் குண்டாக இருப்பவரை 'ஒல்லி' என்று கூப்பிடுவோமே, அந்த ரகக் கிண்டல். மனுஷர் சுலபத்தில் ஆட மாட்டார்.

தெரியாதவர்களுக்கு ஒரு நிமிஷ போக்கர். ஆளுக்கு இரண்டு சீட்டு, மூடினாற்போல். பிறகு மேஜை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று சீட்டு திறப்பார்கள். அப்புறம் ஒன்று. அப்புறம் இன்னொன்று. ஆக ஏழு. அதில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. ஒவ்வொரு கட்டத்திலும் பணம் கட்டலாம், கூட்டலாம், கவிழ்த்துவிட்டு விலகலாம். டோர்னமெண்ட் என்றால் எல்லோருக்கும் ஒரே அளவு சிப்ஸ் கொடுத்து ஆரம்பிப்பார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு பேர் முறை வைத்துக் கட்டாயப் பணம் போட வேண்டும். நேரம் ஆக ஆக அந்தத் தொகை ஏறும். சிப்ஸ் தீர்ந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

இதில் இரண்டு ஆஸ் வந்தால் யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டும் ஏழும் வந்தாலும் யோசிக்க ஒன்றுமில்லை. படுத்துவதெல்லாம் ஏழிலிருந்து பத்து வரைக்கும் உள்ள இந்த நடுத்தர ஜோடிகள்தான். விட்டுவிட மனசு வராத அளவுக்கு நல்ல கை. நம்பி ஆட முடியாத அளவுக்கு மோசமான கை. நடுத்தர வர்க்கத்துக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சின்னதாகக் கணக்குப் பார்க்கலாம். பயப்படாதீர்கள், பள்ளிக்கூடத்துக் கணக்குதான். இரண்டு சீட்டும் ஜோடியாக வருவதற்கு வாய்ப்பு 17ல் ஒன்று. எட்டு ஜோடி வைத்திருக்கிறீர்கள். நடுவில் திறக்கும் மூன்று சீட்டில் இன்னொரு எட்டாவது வந்து உங்கள் கை பிரமாதமாவதற்கு வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 12. அதே மூன்று சீட்டில் எட்டைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது வருவதற்கு வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? நூற்றுக்கு 87. பத்து ஜோடியாக இருந்தாலே 70. அதாவது பெரும்பாலான சமயம் நடுவில் ஒரு ராஜாவோ ராணியோ வந்து உட்கார்ந்துகொண்டு, 'இது அவன் கையில் இருக்கிறதா, இல்லையா?' என்று உங்கள் வயிற்றைக் கலக்கும். போதாததற்கு, மற்ற எட்டுப் பேரில் ஒருவரிடமாவது உங்களைவிடப் பெரிய ஜோடி இருக்க வாய்ப்பு உத்தேசமாக ஐந்தில் ஒன்று.

இந்த மாதிரி கையை வைத்துக்கொண்டு எல்லோரும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. 'ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்' என்பது. மூன்று சீட்டு திறக்கட்டும், பிடித்தால் ஆடலாம், இல்லாவிட்டால் விடலாம். கல்யாண வீட்டுக்கு ஒரு எட்டு போகிறவர் சாப்பிடாமல் திரும்புவதில்லை. போக்கரிலும் அப்படித்தான். ஒரு எட்டு பார்க்கக் கட்டிய பணத்தை விட மனசில்லாமல் இன்னும் கொஞ்சம், அப்புறம் இன்னும் கொஞ்சம்.

ஹாரிங்டனின் முதல் பெருமை, 'எட்டு ஜோடி நல்ல கையா?' என்ற கேள்வியையே அவர் தள்ளிவிடுவது. அவருடைய கேள்விகள் வேறே. நீங்கள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள்? உங்களுக்குப் பின்னால் பேச வேண்டியவர்கள் எத்தனை பேர்? ஏற்கெனவே உயர்த்தியவர் எப்படிப்பட்ட ஆள், பத்துக்கு ஒரு கை ஆடுகிறவரா, வந்ததையெல்லாம் ஆடுகிறவரா? உங்களிடம் சிப்ஸ் எவ்வளவு? கடைசியில்தான் சீட்டு. முதலில் பேச வேண்டிய இடத்தில் இருந்தால் எட்டு ஜோடியை அவர் அவ்வளவாக நம்புவதில்லை. நடு இடம், கடைசி இடம் என்று வர வர அதே எட்டுக்கு மரியாதை கூடுகிறது. சீட்டு மாறவில்லை. நாற்காலி மாறுகிறது.

சிப்ஸுக்கு அவர் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார். பெயர் 'எம்'. பால் மாக்ரீல் என்ற ஆட்டக்காரரின் பெயரிலிருந்து வந்தது. எதுவுமே ஆடாமல் கட்டாயப் பணத்தை மட்டும் கட்டிக்கொண்டிருந்தால் எத்தனை சுற்று தாக்குப்பிடிப்பீர்கள் என்பதுதான் எம். இருபதுக்கு மேல் பச்சை. பத்துக்கு மேல் மஞ்சள். ஆறுக்கு மேல் ஆரஞ்சு. அதற்குக் கீழே சிவப்பு. பச்சையில் இருக்கும்போது சந்தேகமான எட்டு ஜோடியைச் சிரித்துக்கொண்டே கவிழ்க்கலாம். சிவப்பில் அதே கைக்கு மொத்தத்தையும் தள்ளுவதைத் தவிர வழியில்லை, காத்திருந்தால் கட்டாயப் பணமே கரைத்துவிடும். சம்பளத் தேதிக்கு இன்னும் எத்தனை நாள் என்று மளிகைக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு இந்த எம் உடனே புரியும்.

ரம்மிக்காரர்களுக்கும் புரியும். 101 பாயிண்ட் ரம்மியில் சீட்டைப் பார்த்ததும் ஸ்கூட் விட்டால் 20 பாயிண்ட். நடுவில் ஸ்கூட் என்றால் 40. மாட்டிக்கொண்டால் 80 வரை. பதிமூன்று சீட்டில் ஒரு சீக்வென்ஸுக்கு வழி மாதிரி ஒன்று, ஒரே ஒரு ஜோக்கர். ஆடலாமா, இருபதோடு போகட்டுமா? ரம்மியின் எட்டு ஜோடி இதுதான். கிளப்புகளில் நல்ல ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கியவரைக் கவனித்துப் பாருங்கள். பாதி நேரம் ஸ்கூட் விட்டுவிட்டு காபி குடித்துக்கொண்டிருப்பார்.

டோர்னமெண்ட்டுக்கே உரிய சூட்சுமம் ஒன்று இருக்கிறது. இந்த வகைப் புத்தகங்கள் நமக்குக் கற்றுத்தருவதில் உருப்படியானது அதுதான் என்பேன். பத்து பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் போட்டு, ஆயிரம் சிப்ஸ் வாங்கிக்கொண்டு உட்காருகிறார்கள். பரிசு 5000, 3000, 2000. ஆரம்பத்தில் ஒரு சிப் ஒரு ரூபாய். ஜெயித்தவரிடம் கடைசியில் மொத்தம் பத்தாயிரம் சிப்ஸும் இருக்கும். ஆனால் அவருக்குக் கிடைப்பது ஐயாயிரம். அப்போது ஒரு சிப்பின் விலை? ஐம்பது பைசா!

அதாவது நீங்கள் ஜெயிக்கிற சிப் மலிவு. தோற்கிற சிப் விலை உயர்ந்தது. முதல் ஆட்டத்திலேயே உங்கள் ஆயிரத்தை இரண்டாயிரம் ஆக்கினாலும் உங்கள் பங்கின் மதிப்பு இரண்டு மடங்காகாது. வழக்கமான கணக்குப்படி சுமார் 1844 ரூபாய்தான். ஆகவே மொத்தத்தையும் வைத்து ஆட, பாதிக்குப் பாதி வாய்ப்பு போதாது. நூற்றுக்கு 54க்கு மேல் வேண்டும். இப்போது எட்டு ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். எதிராளியிடம் ஒரு ஆஸும் ஒரு ராஜாவும் வேறு வேறு ரகத்தில் இருந்தால் உங்களுக்கு வாய்ப்பு 55. இரண்டும் ஒரே ரகமாக இருந்தால் 52. ஒரு பக்கம் மயிரிழையில் லாபம், இன்னொரு பக்கம் நஷ்டம். எதிராளியிடம் பெரிய ஜோடியே இருந்துவிட்டால் 20கூட இல்லை. நடுவில் கிடக்கும் கட்டாயப் பணம் கொஞ்சம் ஆறுதல் தரும். அவ்வளவுதான்.

இவ்வளவு கணக்கும் போட்டு முடித்த பிறகு மேஜையில் என்ன நடக்கிறது?

2003ஆம் வருஷத்து உலகத் தொடர். லாஸ் வேகாஸ். தலைக்குப் பத்தாயிரம் டாலர், 839 பேர். அதில் டென்னஸியிலிருந்து வந்த 27 வயது அக்கவுண்டண்ட் ஒருவர். பெயர் கிறிஸ் மணிமேக்கர். நான் வைத்த பெயர் இல்லை, நிஜமாகவே அப்படித்தான். இன்டர்நெட்டில் 86 டாலர் கட்டி ஆடிய தகுதிச் சுற்றில் ஜெயித்து வந்தவர். போட்டியின் நடுவே அவர் கையில் எட்டு ஜோடி. மொத்தமும் நடுவே போகிறது. எதிரே ஹம்பர்ட்டோ ப்ரெனஸ் திறந்து காட்டியது இரண்டு ஆஸ். புத்தகப்படி மணிமேக்கரின் கதை முடிந்தது. நான்காவது சீட்டாக ஓர் எட்டு வந்தது. ப்ரெனஸ் வீட்டுக்குப் போனார்.

பிறகு அதே போட்டியில் ஃபில் ஐவி. உலகத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர். அவர் கையில் ஒன்பது ஜோடி, மணிமேக்கரிடம் ஆஸ், ராணி. நடுவில் ராணி, ராணி, ஆறு. ஐவி காலி என்று நினைக்கும்போது நான்காவதாக ஒரு ஒன்பது வந்து அவரை ஃபுல் ஹவுஸுக்குத் தூக்கிவிட்டது. இப்போது மணிமேக்கரைக் காப்பாற்ற, மிச்சமுள்ள 44 சீட்டில் ஏழே ஏழுக்குத்தான் முடியும். வந்தது ஆஸ். ஐவி பத்தாவது இடத்தோடு எழுந்து போனார். மணிமேக்கர் 25 லட்சம் டாலர் ஜெயித்தார்.

ஒரே போட்டி, இரண்டு நடுத்தர ஜோடிகள். தோற்றிருக்க வேண்டியது பிழைத்தது, பிழைத்திருக்க வேண்டியது தோற்றது. இதில் இன்னொரு வேடிக்கை. அந்தக் கடைசி மேஜையில் மூன்றாவதாக வந்தவர் யார் தெரியுமா? நம்ம டான் ஹாரிங்டன்! அடுத்த வருஷம் போட்டியாளர்கள் 2576 பேர் ஆனார்கள். அதிலும் அவர் கடைசி மேஜையில் உட்கார்ந்து நான்காவதாக வந்தார். ஆகவே திறமை என்று ஒன்று இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் 86 டாலர் அக்கவுண்டண்டைப் பார்த்துத்தான் ஊர் உலகமெல்லாம் சீட்டைக் கையிலெடுத்தது. 2006ல் 8773 பேர். மூன்றாவதாக வந்த வக்கீலைப் பார்த்து யாரும் வேலையை விடவில்லை.

என் புகார் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஹாரிங்டன் தன் பயிற்சிக் கணக்குகளில், முடிவு சரியா என்று பார், விளைவைப் பார்க்காதே என்கிறார். சரியாக எட்டு ஜோடியை வைத்துத் தோற்றாலும் நீ செய்தது சரிதான். நாளாவட்டத்தில் லாபம் உன் பக்கம் வரும். தர்க்கம் பழுதில்லாதது. ஆனால் 'நாளாவட்டத்தில்' என்பது கையில் காசு உள்ளவர்களின் வார்த்தை. நூறு டோர்னமெண்ட் தோற்றுவிட்டு நூற்றியோராவதில் உட்கார முடிகிறவருக்குத்தான் அந்தக் கணக்கு. மாதச் சம்பளக்காரருக்கு ஒரே அடுக்கு சிப்ஸ்தான். அதற்குள் வாடகை, ஸ்கூல் ஃபீஸ், வண்டிக் கடன் என்று கட்டாயப் பணம் வேறு. தோற்கிற சிப் ஜெயிக்கிற சிப்பைவிட விலை உயர்ந்தது என்று மேஜைக்குள் அவ்வளவு அழகாகச் சொன்ன புத்தகம், மேஜைக்கு வெளியே இருக்கிற வீட்டுக்கு அதைச் சொல்லவில்லை. வீட்டைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். திவால் வக்கீலுக்கு இது தெரியாமல் இருக்காது.

நம் ஊர் விவாதமும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுந்தது. 1968ல் சுப்ரீம் கோர்ட் ஓர் ஆந்திர வழக்கில், ரம்மி மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்லை, விழுந்த சீட்டை ஞாபகம் வைத்து எதை வைப்பது எதைப் போடுவது என்று தீர்மானிக்கத் திறமை வேண்டும் என்றது. நியாயமான பேச்சு. ஓலைக் கொட்டகையிலும் கிளப்பிலும் நடந்த ரம்மிக்குச் சொன்னது. பிறகு ஆட்டம் செல்போனுக்குள் புகுந்தது. உயிர்கள் போனதைக் காரணம் காட்டித் தமிழ்நாடு அரசு 2020 நவம்பரில் அவசரச் சட்டம், 2021ல் சட்டம் என்று போட்டது. 2021 ஆகஸ்டில் சென்னை ஐகோர்ட் ரத்து செய்தது. 2022ல் மறுபடி மசோதா. கவர்னர் திருப்பியனுப்பி, சட்டசபை மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் சட்டமானது. அதே வருஷம் நவம்பரில் ஐகோர்ட் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று அவற்றைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2025ல் மாநில அரசு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை காசு வைத்து ஆடக்கூடாது என்று விதி போட, ஜூனில் ஐகோர்ட் அதை ஏற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றமே குறுக்கே வந்து, திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் கூடாது என்று சட்டம் இயற்றியது. பெரிய கம்பெனிகள் பண ஆட்டங்களை நிறுத்தின.

இத்தனை வருஷமும் கேட்ட கேள்வி ஒன்றே: திறமையா, அதிர்ஷ்டமா? திறமை என்றால் நல்ல ஆட்டம், அதிர்ஷ்டம் என்றால் சூது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மங்காத்தாவில் உள்ளேயா வெளியேயா என்று வைத்தால் மேதைக்கும் மண்டுவுக்கும் ஏறத்தாழ ஒரே வாய்ப்பு. திறமை ஆட்டத்தில் அப்படியில்லை. ஹாரிங்டன் எதிரே நீங்களோ நானோ உட்கார்ந்தால் தோற்பது ஏறக்குறைய உத்தரவாதம். மேஜை போட்டுக் கொடுக்கிற கம்பெனி தன் கமிஷனை எப்படியும் எடுத்துக்கொள்ளும். அதனால் சுமாரான ஆட்டக்காரர்கள் தங்களுக்குள்ளே ஆடினால்கூட, கடைசியில் எல்லோருடைய பையும் இளைக்கும். ஆக, 'இது திறமை ஆட்டம்' என்பது திறமையில்லாதவருக்குச் சொல்லும் ஆறுதல் அல்ல, எச்சரிக்கை. அதை விளம்பர வாசகமாக வைத்துக்கொண்டார்கள்.

இன்னொன்று. எட்டு ஜோடியில் திறமை என்பது பெரும்பாலும் விலகுகிற திறமை என்று பார்த்தோம். கிளப்பில் விலகினால் காபி குடிக்கலாம், அரட்டையடிக்கலாம், கோபம் ஆற நேரம் இருக்கும். மணிக்கு முப்பது கை நடந்தால் அதிகம். போனில் அதுபோல இரண்டு மடங்கு நடக்கும். ஒரே சமயத்தில் இரண்டு மேஜை, மூன்று மேஜை ஆடலாம். தோற்ற சூடு ஆறுவதற்குள் அடுத்த சீட்டு வந்துவிடும். விலகுவதுதான் திறமை என்கிற ஆட்டத்தில் விலகவே விடாத இயந்திரம். ராத்திரி பன்னிரண்டுக்குக் கடையைச் சாத்து என்ற விதியை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். தானாக ஸ்கூட் விடத் தெரியாதவர்களுக்காக அரசாங்கம் விட்ட ஸ்கூட்.

முழுத் தடை சரியா என்று கேட்டால், ஒளித்து ஆடும் இடங்கள் முளைக்கும் என்று பயப்படுகிறவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. ஆனால் தடை வந்துவிட்டதால் கணக்குச் சொல்லித்தர வேண்டாம் என்பவர்களோடு உடன்பாடே இல்லை. எட்டு ஜோடியின் 55-க்கு 45 தெரிந்த பையன், நாளைக்கு வேறு பெயரில் வரும் எந்த ஆட்டத்தையும் சந்தேகத்தோடு பார்ப்பான். பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ என்று மாமா ஒருவர் டிப்ஸ் கொடுக்கும்போதும்.

ஆகவே கண்ணமங்கலத்துக்காரரே, புத்தகத்தை வாங்குங்கள். முதல் பாகமும் இரண்டாம் பாகமும் போதும். சிநேகிதர்களோடு புளியங்கொட்டை வைத்து ஆடுங்கள். முன்னால் ஒருவர் உயர்த்தியிருந்து, பின்னால் ஆறு பேர் காத்திருந்தால், எட்டு ஜோடியைக் கவிழ்த்துவிடுங்கள். நீங்கள் கடைசியில் பேசுகிறவர், யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை என்றால் தைரியமாக உயர்த்துங்கள். புளியங்கொட்டை பத்து சுற்றுக்குக்கூடத் தாங்காது என்றால், மொத்தத்தையும் நடுவில் தள்ளிவிட்டு கடவுளைக் கும்பிடுங்கள்.

எந்த நிலையிலும் செய்யக்கூடாதது, ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று போவது. அந்த வழியில் போனவர்களின் கேஸ் கட்டுகளைத்தான் ஹாரிங்டன் ஒரு காலத்தில் வக்கீலாகப் புரட்டிக்கொண்டிருந்தார்.